‘அனுமதி இல்லை’ என்று சொல்வது யார்? வைரஸ் காவலும் விண்டோஸ் தடைகளும்

களுவாஞ்சிக்குடியில் எனக்கொரு சின்ன ரைப்செட்டிங் கடை. தவணைப் பரீட்சை நெருங்கினால் பட்டிருப்புப் பாலம் கடந்து மண்டூர், வெல்லாவெளிப் பக்கமிருந்து ஆசிரியர்மார் பென் டிரைவும் கையுமாக வந்துவிடுவார்கள். போன கிழமை ஒரு சேர் லப்டொப்பையே தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பாமினி எழுத்துருவில வினாத்தாள் அடிச்சன். சேவ் பண்ணவே விடுதில்ல. அன்ரிவைரஸக் கழட்டி விடு."

கழட்டவில்லை. நானும் ஒருகாலம் கழட்டியவன்தான். பிறகு வந்த ஒரு பென் டிரைவால் கடையிலிருந்த போல்டரெல்லாம் சோர்ட்கட்டாக மாறி, இரண்டு நாள் வேலை நின்றுபோனது.

முதலில், ரைட் கிளிக் மெனுவில் வரும் ஸ்கான் வரி. விண்டோஸோடு வரும் அன்ரிவைரஸான டிஃபென்டரைத்தான் சொல்கிறேன். பென் டிரைவைக் குத்தியதும் திறக்காதீர்கள். திஸ் பிசியில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்கான் வித் மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர்’ கொடுங்கள். விண்டோஸ் 11இல் அந்த வரி தெரியாவிட்டால் ஷிஃப்ட் கீயை அமத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், முழு மெனுவும் விரியும். மெனுவில் இந்த வரி வேண்டாம் என்று நினைத்தாலும், அதை எடுத்துவிட டிஃபென்டரின் செட்டிங்ஸில் சுவிட்ச் கிடையாது. விண்டோஸின் உள் அமைப்புகள் கிடக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் வழி உண்டு, புதியவர்களுக்கு வேண்டாம். வேறு நிறுவன அன்ரிவைரஸ் என்றால் அதன் செட்டிங்ஸுக்குள்ளேயே பாருங்கள், பலதில் இருக்கும்.

அறிவித்தல்கள் தொல்லையாக இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸில் ‘மனேஜ் நோட்டிஃபிகேஷன்ஸ்’ போங்கள். ஸ்கான் முடிவு சொல்லும் அறிவித்தலை நிறுத்தலாம். ஆனால் ‘பைல்ஸ் ஓர் அக்டிவிடீஸ் ஆர் புளொக்ட்’ என்பதை நிறுத்தாதீர்கள். எந்தக் காவல்காரன் மறித்தான் என்று சொல்வது அதுதான்.

சேரின் லப்டொப்பில் திரும்ப சேவ் கொடுத்தேன். வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது: ‘அன்ஓதரைஸ்ட் சேஞ்சஸ் புளொக்ட்’. அதற்குள் பாமினி ரைப் செய்யும் அந்தப் பழைய மென்பொருளின் பெயர். ஆக வைரஸ் ஒன்றும் பிடிபடவில்லை. மறித்தது கன்ட்ரோல்ட் போல்டர் அக்சஸ். 2017இல் விண்டோஸ் 10இற்கு வந்த வசதி இது. தெரியாத மென்பொருள் எதுவும் டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற போல்டர்களில் எழுத விடாது. தானாக ஓனில் இருக்காது, யாரோ போட்டிருக்கிறார்கள். போட்டது நல்லதுதான்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ‘வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்’ பக்கத்தின் அடியில் ‘மனேஜ் ரான்சம்வேர் புரொடெக்ஷன்’. அதில் ‘அலோ ஆன் அப் துரூ கன்ட்ரோல்ட் போல்டர் அக்சஸ்’. மறுகா ‘அட் ஆன் அலோட் அப்’ அழுத்தி ‘ரீசன்ட்லி புளொக்ட் அப்ஸ்’ திறந்தால், கொஞ்சம் முன்னர் மறிக்கப்பட்ட பெயர் அங்கே நிற்கும். பக்கத்திலுள்ள கூட்டல் குறியை அமத்துங்கள். பிறகு அந்த மென்பொருளை வேறு போல்டருக்கு மாற்றினால் திரும்பவும் சேர்க்கவேண்டும், அனுமதி அந்த இடத்துக்கு மட்டும்தான்.

இதை ‘எக்ஸ்க்ளூஷன்’ என்பதோடு குழப்பாதீர்கள். அதில் சேர்த்ததை டிஃபென்டர் சோதிக்கவே மாட்டாது. சிலர் சி டிரைவ் முழுவதையும் அதில் போட்டுவிட்டு வருகிறார்கள். வாசலில் காவலாளியை வைத்துவிட்டு அவன் கண்ணைக் கட்டிவிடும் கதைதான் அது.

இடையில் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டால் அதை மறிப்பது டிஃபென்டர் அல்ல, உங்கள் யூசர் கணக்கு. ஸ்டாண்டர்ட் கணக்கில் இருக்கிறீர்கள். பிள்ளைகள் பாவிக்கும் கணக்கு அப்படியே இருக்கட்டும், பாஸ்வேர்ட் தெரிந்தவர் வந்து அடித்தால் போதும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவி, முந்திய யூசரின் போல்டரைத் திறக்கும்போது ‘பெர்மிஷன் இல்லை’ என்று வந்தால், மறிப்பது டிஃபென்டரும் யூசர் கணக்கும் அல்லாத மூன்றாவது ஆள், போல்டரின் உரிமை. அட்மின் கணக்கில் நின்று ‘கன்டினியூ’ கொடுங்கள். அநேகமாகத் திறக்கும். விண்டோஸ், புரோகிராம் பைல்ஸ் போல்டர்களின் உரிமையை மட்டும் மாற்றப் போகாதீர்கள்.

சேருக்கு வேலை முடிந்தது. போகும்போது, "வீட்ட பிள்ளைட பாடசாலை லப்டொப்பிலயும் ஒண்டும் மாத்த ஏலாம கிடக்கு, ‘மனேஜ்ட் பை யுவர் அட்மினிஸ்ட்ரேட்டர்’ எண்டு எழுதியிருக்கு" என்றார். அதைத் தந்த இடத்தில்தான் கேட்கவேண்டும் சேர், நான் கைவைக்கமாட்டேன் என்றேன்.