வீட்டுக்குள் முழங்கும் சத்தத்தைப் பஞ்சும் துணியும் வைத்து அடக்குவது எப்படி?

தரையில் வழுவழு டைல்ஸ், சுவரில் சிமெண்ட் பூச்சு, மேலே கான்கிரீட். இன்றைய வீடுகள் பலவும் இப்படித்தான். குரல் நாலு சுவரிலும் மோதித் திரும்புவதால் டிவியைக் கூட்டி வைக்கிறோம், அதை மீறிப் பேச நாமும் கத்துகிறோம். ராத்திரி தூக்கத்துக்குப் படுக்கையறைச் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதற்கெல்லாம் விலை கூடிய ஃபோம் வாங்கத் தேவையில்லை.

முதல் படி: சத்தம் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஜன்னலை மூடிவிட்டு ஓங்கி ஒரு கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ஓசை இழுத்துக்கொண்டே இருந்தால் அது உள்முழக்கம். கை தட்டாமலே ஹாரன் காதில் விழுந்தால் அது வெளிச்சத்தம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான, இடுக்கில்லாத அடைப்பு வேண்டும். உள்முழக்கத்தை உறிஞ்சத்தான் மெத்தென்ற பொருள். லாரி சத்தத்துக்காகப் பஞ்சு மாட்டுவது வீண் செலவு.

இரண்டாம் படி: இடுக்குகள். எவ்வளவு கனமான சுவராக இருந்தாலும் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. அதனால் கதவின் அடியிலும் ஜன்னல் சட்டத்திலும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நாள் முழுக்க ஏசி ஓட்டினால் கரண்ட் பில்லும் ஏறும், நல்ல காற்றும் வராது. ரோட்டுப் பக்க ஜன்னலை மட்டும் இறுக்கி, பின்பக்க ஜன்னலைக் காற்றுக்குத் திறந்து வையுங்கள். முடிந்தால் கட்டிலையே பின்னறைக்கு மாற்றிவிடுங்கள், காசே செலவில்லாத வழி இது.

மூன்றாம் படி: கொஞ்சம் கணக்கு. 1895 வாக்கில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர், பேச்சே புரியாத ஒரு வகுப்பறைக்குள் ராத்திரியில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஓசை அடங்கும் நேரத்தை அளந்து பார்த்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம்தான் இன்றும் நமக்குத் துணை: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உறிஞ்சும் பரப்பால் (அறையில் உள்ள எல்லாமும் சேர்ந்து உறிஞ்சுவது, ஓசையை முழுசாக விழுங்கும் எத்தனை சதுர மீட்டருக்குச் சமம் என்ற கணக்கு) வகுத்தால் முழக்க நேரம் விநாடியில் வரும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை 36 கன மீட்டர். வெறும் சுவராக இருந்தால் உறிஞ்சும் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர்தான், நேரம் கிட்டத்தட்ட 2.9 விநாடி. அதை 0.6 விநாடிக்குக் கொண்டுவர 9.7 சதுர மீட்டர் வேண்டும். பயப்படாதீர்கள், மெத்தை, தடித்த திரைச்சீலை, ஜமக்காளம், துணி சோபா எல்லாமே இதில் சேரும். மிச்சத்துக்குத்தான் பஞ்சு அடைத்த பலகை.

நான்காம் படி: பலகை செய்வது. ரீப்பர் கட்டையில் 4 அடிக்கு 2 அடி சட்டம் அடித்து, 2 அங்குலக் கனத்துக்குப் பழைய பருத்திப் பஞ்சையோ தென்னை நாரையோ நிரப்பி, காற்று புகும் பருத்தித் துணியால் மூடுங்கள். பழைய வேட்டி அருமையாகப் பொருந்தும். துணிமேல் பெயின்ட் அடிக்காதீர்கள், துளைகள் அடைபட்டு வேலையே செய்யாது. தெர்மகோலும் முட்டை அட்டையும் சொல்லிக்கொள்ளும்படி உறிஞ்சுவதில்லை, விட்டுவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் இடைவெளி விட்டு மாட்டினால் கனத்த, கீழ்ஸ்தாயி ஓசையும் கூடுதலாக அடங்கும். உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், எதிரெதிர் சுவர்களில் நாலு பலகை மாட்டிவிட்டு மறுபடி கை தட்டிப் பாருங்கள், போதாவிட்டால் அப்புறம் இன்னும் இரண்டு.

பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் சாமி விளக்கு, அடுப்பு பக்கம் கண்டிப்பாக வேண்டாம். ஈரச் சுவரிலும் மாட்டாதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் கழற்றி ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் பூஞ்சை பிடிக்காது.