நார்வே நாட்டுப்புறக் கதையை அனிமேஷன் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நார்வே என்றதும் ஓடினையும் தோரையும் ஸ்டோரிபோர்டில் வரைந்துவிடுகிறார்கள். அவர்கள் பழைய ஐஸ்லாந்துச் சுவடிகள் வழியாக நமக்கு வந்த கடவுள்கள். மலைப் பூதமான ட்ரோல், காட்டு மோகினியான ஹுல்ட்ரா, பண்ணைக் குள்ளனான நிஸ்ஸே எல்லாம் உழவர்களும் மீனவர்களும் சொல்லிச் சொல்லி வளர்த்தவை. நார்வே நாட்டுப்புறக் கதைத் தொகுப்பாளர்களான ஆஸ்ப்யோர்ன்சனும் மோவும் 1841 முதல்தான் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார்கள். இரண்டையும் கலந்தால் கதை எந்தக் காலத்திலும் நிற்காது.

அடுத்த தவறு, எல்லா உருவங்களையும் ஒரே பூதமாக ஆக்குவது. நிஸ்ஸேவைப் பாருங்கள். பண்ணைத் தொழுவத்தில் குடியிருக்கும் சிறு உருவம், தலையில் சிவப்புக் குல்லா. மாடுகளைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும். கிறிஸ்துமஸ் இரவில் அதற்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைத்து, மேலே வெண்ணெய் போட வேண்டும். ஒரு கதையில் வெண்ணெய் கண்ணில் படவில்லை. கோபத்தில் அந்த வீட்டின் நல்ல பசுவை அடித்துக் கொன்றுவிடுகிறது. அப்புறம் கஞ்சியைக் குடித்தால், அடியில் வெண்ணெய் இருக்கிறது! தவித்துப்போய், வேறொரு பண்ணையிலிருந்து அதே மாதிரிப் பசுவைக் கொண்டுவந்து கட்டுகிறது. சிரிக்கும் குள்ளனாக மட்டும் வரைந்தால் இந்தக் கோபமும் தவிப்பும் எங்கே போகும்? ஐந்து நிமிடப் படத்துக்கு இந்த ஒரு இரவே போதும்.

உருவத்தை முழுக்கக் காட்டிவிடாதீர்கள். நொக்கன் என்னும் நீர்ப்பேயை நார்வே ஓவியர் தியோடர் கிட்டெல்சன் 1904இல் வரைந்தார். இருண்ட குளத்துக்கு மேலே தலையும் கண்களும்தான் தெரியும். பயம் அங்கேதான் இருக்கிறது.

வெளிச்சத்தையும் யோசிக்க வேண்டும். வெயில் பட்டால் ட்ரோல் கல்லாகிவிடும் என்பது பல கதைகளின் முடிச்சு. ஆனால் வடக்கே ட்ரொம்சோவில் ஜூன் முழுக்கச் சூரியன் மறைவதே இல்லை. அங்கே அந்த மாதத்தில் கதையை வைத்தால் ட்ரோல் எப்போது வெளியே வரும்? முதலில் ஊரையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள், நிறங்களை அப்புறம் பார்க்கலாம்.

ஒலிக்கு, போர் முரசு வேண்டாம். நார்வேயின் நாட்டுப்புற வயலினான ஹார்டாங்கர் ஃபிடிலைக் கேளுங்கள். வில் மேல் கம்பிகளில் ஓடும்போது அடியில் உள்ள கம்பிகள் தாமாக அதிரும். அதை வாசிக்கக் கற்றுத்தருவது அருவியில் வாழும் ஃபோஸ்ஸெகிரிம் என்னும் ஆவி என்பார்கள். காணிக்கையாக இறைச்சி கொடுக்க வேண்டும். இறைச்சி போதவில்லை என்றால், சுருதி சேர்க்க மட்டும் சொல்லித்தந்து அனுப்பிவிடுமாம்.