சஸ்பென்ஷன்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்கரங்களை வண்டியோடு பிணைத்து, மேடுபள்ளத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்புதான் சஸ்பென்ஷன். அதை ஒப்பிடும்போது, 'இந்த வண்டியில் மல்டி லிங்க், அதில் வெறும் டார்ஷன் பீம்' என்று பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒவ்வொரு சக்கரத்தையும் பல தண்டுகளால் பிடிக்கும் மல்டி லிங்க்கில் சக்கரங்கள் தனித்தனியே அசைகின்றன. வளைவில் சக்கரம் எவ்வளவு சாய வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைப் பொறியாளர் நுணுக்கமாகத் தீர்மானிக்கலாம். 1982இல் வெளிவந்த மெர்சிடிஸ் 190 காரின் பின்சக்கரங்களில் இதற்காகவே பக்கத்துக்கு ஐந்து தண்டுகள் இருந்தன. ஆனால் தண்டுகளும் அவற்றின் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும் கூடக்கூடத் தேய்மானமும் பராமரிப்புச் செலவும் கூடும். இரு பின்சக்கரங்களையும் முறுக்கிக்கொடுக்கும் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் டார்ஷன் பீம் எளிமையானது, பெட்டி வைக்கும் இடத்தையும் அடைக்காது. கவனமாக வடிவமைத்த டார்ஷன் பீம், அரைகுறையாக அமைத்த மல்டி லிங்க்கைவிட நன்றாகவே ஓடும்.

'காயில் ஸ்பிரிங் நல்லதா, இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் நல்லதா?' என்ற கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. முன்னது எடையைத் தாங்கும் சுருள்வில்; பின்னது சக்கரங்கள் தனித்தனியே அசையும்படி பிணைக்கும் முறை. காயில் ஸ்பிரிங்கில் நிற்கும் முழு ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) வண்டிகளும் உண்டு. பட்டைத் தகடுகளாலான லீஃப் ஸ்பிரிங் மட்டும் எடையையும் தாங்கி, ஆக்சிலையும் பிடித்து வைப்பதால் குழப்பம் வருகிறது.

முழு ஆக்சிலைப் பழையது என்று ஒதுக்குவதும் சரியல்ல. பாறைப் பாதையில் ஒரு சக்கரம் மேலேறும்போது மறு சக்கரம் தரையில் அழுத்தப்படுகிறது. ஸ்பிரிங் அமுங்கினாலும், ஆக்சிலில் உள்ள டிஃபரன்ஷியலுக்கு (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பகுதி) கீழுள்ள இடைவெளி குறைவதில்லை. வேகமாகச் செல்லும் சாலையில் கதை வேறு: ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் ஆடும்.

மிக ஆபத்தானது, மென்மையையே தரம் என்று நம்புவது. ஸ்பிரிங் மேடுபள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. அதன் ஆட்டத்தை வெப்பமாக்கி அடக்குவது ஷாக் அப்சார்பர். அது தளர்ந்த வண்டி மிதப்பதுபோல் சுகமாகத் தோன்றும். ஆனால் டயர் சாலையை விட்டு எழும்புவதால் கரடுமுரடான இடத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். வேகத்தடையைத் தாண்டியதும் வண்டி உடனே அடங்க வேண்டும். தொடர்ந்து ஆடினால் சந்தேகப்படுங்கள். ஏர் சஸ்பென்ஷனுக்கும் இந்த விதி பொருந்தும். அங்கே காற்று ஸ்பிரிங்கின் வேலையைத்தான் செய்கிறது.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் ஏமாற்றும். லீஃப் ஸ்பிரிங் உள்ள பிக்கப் காலியாக இருக்கும்போது தூக்கிப்போடும், சுமை ஏறினால் நிதானமாகும். இரண்டு வண்டிகளிலும் டயர் குளிர்ந்திருக்கும்போது அதனதன் பரிந்துரைப்படி காற்றழுத்தம் வையுங்கள். வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் சாமான்களோடும் ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு மற்றவரை ஓட்டச் சொல்லி, பின்னிருக்கையிலும் உட்கார்ந்து பாருங்கள்.