ஸ்டெல்லாரிஸில் எல்லையை முதலில் பூட்டுங்கள்

ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூக வீடியோ கேமில் ஒரு நட்சத்திர மண்டலம் உங்களுடையதாக வேண்டுமானால் அங்கே அவுட்போஸ்ட் (புறக்காவல் தளம்) கட்ட வேண்டும். அடிப்படைச் செலவு 100 அலாய் (உலோகக் கலவை), 75 இன்ஃப்ளூயன்ஸ் (செல்வாக்கு). அலாயை எப்படியாவது தேற்றிவிடலாம். இன்ஃப்ளூயன்ஸ்தான் சொட்டுச் சொட்டாக வரும். ஆரம்பத்தில் அதைக் கண்ட இடத்தில் கொட்டாதீர்கள்.

ஆரம்பத்தில் கப்பல்கள் பெரும்பாலும் மண்டலங்களை இணைக்கும் ஹைப்பர்லேன் பாதைகளில்தான் போய்வர முடியும் என்பதால், நாலைந்து பாதைகள் ஒன்றுசேரும் மண்டலத்தைத் தேடுங்கள். அதைப் பிடித்து, பக்கத்து நாட்டுக்கு எல்லையையும் மூடிவிட்டால், பின்னால் இருக்கும் காலி மண்டலங்களுக்கு வேறு வழி இல்லாதவரை அவர்களால் வர முடியாது. அவற்றை அப்புறம் சாவகாசமாக நிரப்பிக்கொள்ளலாம். நடுவில் மண்டலங்களைத் தாண்டிப் போய்க் கட்டினால் செலவு ஏறும். பாதைகள் சேரும் நல்ல இடம் என்றால் ஒன்றிரண்டு தாண்டலாம், அதற்கு மேல் கட்டுப்படியாகாது. கட்டும் முன் சயின்ஸ் கப்பல் (ஆய்வுக் கப்பல்) அங்கே சர்வே முடித்திருக்க வேண்டும், மறக்காதீர்கள்.

அடுத்தவர் மண்டலம் வேண்டுமா? போர் அறிவிக்கும் முன்பே அதன்மேல் உரிமை கோரிவிடுங்கள். இதற்கும் இன்ஃப்ளூயன்ஸ்தான், உங்கள் எல்லையிலிருந்து தள்ளிப் போகப் போக விலை கூடும். பத்து மண்டலத்துக்கு ஆசைப்படாமல், எல்லையை ஒட்டிய இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்.