அனாட்டமி வார்த்தைகளை எழுந்து நின்று படியுங்கள்

நர்சிங், பிசியோதெரபி, எம்.பி.பி.எஸ். என்று எதில் சேர்ந்தாலும் முதல் வாரமே ஆன்டீரியர் (முன்பக்கம்), போஸ்டீரியர் (பின்பக்கம்), மீடியல் (உடம்பின் நடுக்கோட்டுப் பக்கம்), லேட்டரல் (நடுக்கோட்டை விட்டு விலகிய பக்கம்) என்று வார்த்தைகள் வந்து குவியும். தயவுசெய்து பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள், அது தேர்வு வரைக்கும்கூடத் தாங்காது.

எழுந்து நில்லுங்கள். பார்வை நேராக, பாதங்கள் முன்னோக்கி, கைகள் பக்கவாட்டில் தொங்க, உள்ளங்கைகள் முன்பக்கம் திரும்பியிருக்கட்டும், கட்டை விரல்கள் உடம்பை விட்டு வெளியே பார்க்கட்டும். இதுதான் அனாட்டமிக்கல் பொசிஷன். நோயாளி மல்லாந்து சுபைனில் கிடந்தாலும் சரி, குப்புற ப்ரோனில் கிடந்தாலும் சரி, அவர் இப்படி நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். இடது வலதும் அவருடையதுதான், எதிரே நிற்கும் உங்களுடையது அல்ல.

உள்ளங்கை ஏன் முன்னால் பார்க்க வேண்டும்? முன்கையை மறு கையால் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், முன்கையின் இரண்டு எலும்புகளில் ரேடியஸ் அல்னாவுக்குக் குறுக்கே உருள்வது கையில் தெரியும். அதற்குப் பெயர் ப்ரோனேஷன், பழையபடி திருப்பினால் சுபினேஷன். இரண்டு எலும்பும் பக்கம் பக்கமாக இருக்கும் நிலையில்தான் கட்டை விரல் பக்கத்து ரேடியஸை லேட்டரல் என்றும், சுண்டு விரல் பக்கத்து அல்னாவை மீடியல் என்றும் குழப்பமில்லாமல் சொல்ல முடிகிறது.

எந்த வார்த்தையையும் தனியாகச் சொல்லிப் பழகாதீர்கள். மூக்கு வாய்க்கு சுப்பீரியர், அதாவது மேலே, அதே மூக்கு நெற்றிக்கு இன்ஃபீரியர், அதாவது கீழே. ப்ராக்ஸிமல், டிஸ்டல் இரண்டும் பெரும்பாலும் கை கால்களுக்கு வரும்: முழங்கை மணிக்கட்டுக்கு ப்ராக்ஸிமல், ஏனென்றால் கை உடம்போடு சேரும் இடத்துக்கு அது கிட்டே இருக்கிறது; தள்ளியிருக்கும் மணிக்கட்டு முழங்கைக்கு டிஸ்டல்.

அப்புறம் தளங்கள், அதாவது உடம்பை வெட்டுவதாக நாம் கற்பனை செய்யும் பரப்புகள். சாஜிட்டல் உடம்பை இடது வலதாகப் பிரிக்கும், கொரோனல் முன் பின்னாக, டிரான்ஸ்வர்ஸ் மேல் கீழாக. சி.டி. ஸ்கேனில் டிரான்ஸ்வர்ஸ் படத்தை நோயாளியின் கால்மாட்டிலிருந்து பார்ப்பதுபோல வைப்பார்கள், அதனால் வலது பக்கத்துக் கல்லீரல் திரையில் உங்களுக்கு இடது பக்கம் தெரியும். ஆரம்பத்தில் நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

அசைவுகளைத் தளத்தோடு சேர்த்துச் செய்து பார்த்தால் பாதி வேலை முடிந்தது. முழங்கையை மடக்கினால் ஃப்ளெக்ஷன், நீட்டினால் எக்ஸ்டென்ஷன், இரண்டும் சாஜிட்டலில். முழங்காலில் ஃப்ளெக்ஷன் என்றால் குதிகால் பின்னால் போகும், அதை மறக்காதீர்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கி நடு உடம்பை விட்டு விலக்கினால் அப்டக்ஷன், இறக்கி நடு உடம்பை நோக்கிக் கொண்டுவந்தால் அடக்ஷன், இவை கொரோனலில். கழுத்தைத் திருப்புவது ரொட்டேஷன், டிரான்ஸ்வர்ஸில். விரல்களை விரிக்கும்போது மட்டும் நடு உடம்பைக் கணக்கில் எடுக்காதீர்கள், கையில் நடு விரல்தான் மையக்கோடு, காலில் இரண்டாம் விரல். கட்டை விரல் மற்ற விரல்களுக்குக் கிட்டத்தட்ட 90 டிகிரி திரும்பி அமைந்திருப்பதால் அதன் கணக்கே வேறு: உள்ளங்கைக்குக் குறுக்கே போனால் ஃப்ளெக்ஷன், உள்ளங்கையை விட்டு முன்னால் எழுந்தால் அப்டக்ஷன்.

உடற்குழிகள் சுலபம். பின்பக்கம் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உரியவை. முன்பக்கம் மார்புக்குழி, அதற்குக் கீழே வயிற்று-இடுப்புக்குழி, நடுவே தடுப்பாக உதரவிதானம். வயிற்றுக்கும் இடுப்புக்கும் இடையில் அப்படி ஒரு தடுப்பு கிடையாது.

கடைசியாக ஒரு பயிற்சி. தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கையால் காட்டாமல் ஒரு காயத்தை வாயால் மட்டும் சொல்லுங்கள்: "இடது முன்கை, ஆன்டீரியர் பக்கம், மீடியல் ஓரம், மணிக்கட்டுக்கு 5 செ.மீ. ப்ராக்ஸிமல்." அவர் பேனாவால் தன் கையில் புள்ளி வைக்கட்டும். புள்ளி வேறு இடத்தில் விழுந்தால், இரண்டு பேரும் எழுந்து நின்று உள்ளங்கையை முன்னால் திருப்பி, எந்த வார்த்தையில் பிசகியது என்று பாருங்கள்.