கத்தரிக்காயைக் கையில் கொடுத்து ஆங்கிலம் கற்பியுங்கள்

வேலூர் மாவட்டக் கிராமப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. செயப்பாட்டு வினைப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்காமல், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒன்றை மாணவர் கையில் கொடுத்துத் தொடங்குங்கள். காம்பின் முள் விரலில் பட்டதுமே ‘ஸ்பைனி’, ‘ஷார்ப்’ என்ற சொற்களுக்குப் பொருள் சொல்லத் தேவையிராது.

பிறகு, கொல்லையில் நடக்கும் வேலைகளை அவர்கள் தமிழிலேயே வரிசையாகச் சொல்லட்டும். நாற்று நடப்படுகிறது, நீர் பாய்ச்சப்படுகிறது, காய் பறிக்கப்படுகிறது என வரும் ஒவ்வொரு வரியையும் ‘தி சீட்லிங்ஸ் ஆர் பிளான்டட்’ என்பதுபோல் மாற்றச் சொன்னால், செய்தவர் யார் என்பதைவிடச் செய்யப்பட்டது என்ன என்பதே முக்கியமாகும்போது அந்த வாக்கிய அமைப்பு இயல்பாக வருகிறது என்பது அவர்களுக்கே புலப்படும். ஆண்டுத் தேர்வுக்கு முன் மனப்பாடம் செய்யவைக்கும் விதிகளைவிட இது நெடுநாள் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரிசி, சோறு என இரண்டு சொற்கள் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் இரண்டுமே ‘ரைஸ்’ என்பது வியப்பளிக்கும். எண்ணக்கூடிய கத்தரிக்காய்க்கு ‘ஹவ் மெனி’, அளக்க வேண்டிய சீரகச் சம்பாவுக்கு ‘ஹவ் மச்’ என்ற வேறுபாட்டை, ஆம்பூர் பிரியாணிக்கும் அதற்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கும் தேவையான பொருள்களைப் பட்டியலிடச் சொல்லியே பழக்கிவிடலாம்.