ஸ்பானிஷில் ‘இருந்தால்’ சொல்வதும் பணிவாகக் கேட்பதும்

‘பணம் இருந்தால் வீடு வாங்குவேன்’ என்று தமிழில் சொன்னால், பணம் வரப்போகிறதா, வெறும் கனவா என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்வார். ஸ்பானிஷ் அதை வினையிலேயே காட்டிவிடும். நடக்கக்கூடியது என்றால் ‘ஸி தெங்கோ தினேரோ, கொம்ப்ராரே உனா காசா’: ‘இருந்தால்’ என்பதன் ‘ஆல்’ பொருள் தரும் ‘ஸி’ இருக்கும் பாதியில் நிகழ்காலம், மறுபாதியில் எதிர்காலம். கனவு என்றால் ‘ஸி துபியேரா தினேரோ, கொம்ப்ராரீயா உனா காசா’. இந்த இரண்டாவது வாக்கியம் கைவந்தால் பணிவாகக் கேட்பதில் பாதி வேலை முடிந்தது.

முதலில் ‘கொம்ப்ராரீயா’. அகராதியில் இருக்கும் வினையை அப்படியே எடுத்து ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயைஸ், ஈயான் என்று ஒட்ட வேண்டும். ஆர், ஏர், ஈர் என மூன்று வகை வினைகளுக்கும் இதே விகுதிகள்தான். பலரும் பழக்கதோஷத்தில் ஈற்றை வெட்டிவிட்டு ஒட்டுகிறார்கள். அங்கேதான் சிக்கல். ‘கொமேரீயா’ என்றால் சாப்பிடுவேன், சந்தர்ப்பம் அமைந்தால். ‘கொமீயா’ என்றால் முன்பெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் அசை போனதில் காலமே மாறிவிட்டது. அடி மாறும் வினைகள் 12 மட்டுமே: தெந்த்ரீயா, பொந்த்ரீயா, பெந்த்ரீயா, சல்த்ரீயா, பல்த்ரீயா, பொத்ரீயா, சப்ரீயா, அப்ரீயா, கப்ரீயா, கெர்ரீயா, திரீயா, அரீயா. இவற்றிலிருந்து பிறந்த கூட்டு வினைகளும் பெரும்பாலும் அதே வழியில் போகும். எதிர்காலத்துக்கும் இதே அடிகள் என்பதால் ஒரு முறை மனப்பாடம் செய்தால் போதும்.

‘துபியேரா’வுக்கு வழி வேறு. இறந்தகாலத்தில் ‘அவர்கள்’ வடிவத்தை எடுங்கள்: துபியேரோன். கடைசி ‘ரோன்’ போய் ‘ரா’ வரும். ஃபுயேரோன் ஃபுயேரா ஆகும், இஸியேரோன் இஸியேரா ஆகும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. தடுமாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இறந்தகால வடிவமே சரியாகத் தெரிந்திருக்காது. அதைச் சரிசெய்யாமல் இதைத் திருத்த முடியாது. ‘துபியேஸே’ என்ற வடிவத்தையும் காண்பீர்கள். பொருள் ஒன்றுதான், படித்தால் புரிந்தால் போதும்.

இந்த வாக்கியத்தில் ‘ஸி’க்குப் பக்கத்தில் ‘ரீயா’ வரவே கூடாது. ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியிலும் அதை ஒட்டிய ஊர்களிலும், ‘ஸி தெந்த்ரீயா’ என்று பேசுவதைக் கேட்கலாம். அங்கே பிறந்தவர் சொன்னால் வட்டார வழக்கு. தேர்வுத்தாளில் நீங்கள் எழுதினால் பிழை. கைநழுவிப் போன காரியத்துக்கு ‘ஸி உபியேரா சபீதோ, அப்ரீயா பெனீதோ’, அதாவது தெரிந்திருந்தால் வந்திருப்பேன். இங்கே இரண்டு பாதியிலும் ‘உபியேரா’ போடலாம், இரண்டிலும் ‘அப்ரீயா’ போடக் கூடாது. எழுதும்போது ‘ஸி’யின் தலையில் குறி போட்டுவிடாதீர்கள், குறி போட்டால் அது ‘ஆமாம்’.

இனி பணிவு. முன்பின் தெரியாதவரிடம் உதவி கேட்க ‘பொத்ரீயா ஆயுதார்மே?’. நண்பரிடம் என்றால் ஸ் சேர்த்து ‘பொத்ரீயாஸ்’. நம் நீங்கள், நீ வித்தியாசம் இந்த ஒரு ‘ஸ்’ஸில் இருக்கிறது. அதைத் தொடங்கியபடியே கடைசிவரை கொண்டுபோக வேண்டும்: ‘பொத்ரீயா தார்மே சு நூமெரோ’ (உங்கள் எண்ணைத் தர முடியுமா), ஆனால் ‘பொத்ரீயாஸ் தார்மே து நூமெரோ’ (உன் எண்ணை). மரியாதையில் ஆரம்பித்து ‘து’வில் முடித்தால் காதில் உறுத்தும்.

கடையில் ஒன்று வேண்டும் என்றால் ‘வேண்டியிருந்தது’ என்பதுபோல் பணிவாக ஒலிக்கும் ‘கிஸியேரா’ பாதுகாப்பானது. ‘கெர்ரீயா’ இலக்கணப்படி சரி, ஆனால் அதன் அழுத்தமான ர் பலருக்கு வராமல் ‘கெரீயா’ ஆகிவிடும். கவலை வேண்டாம், ‘கெரீயா உன் கஃபே’ என்பதும் பணிவான பேச்சே.

‘லே இம்போர்தரீயா செர்ரார் லா பெந்தானா?’ என்றால் சன்னலைச் சாத்துவதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறார்கள். சாத்தச் சம்மதம் என்றால் பதில் ‘நோ’. ‘ஸி’ என்று தலையாட்டினால் மறுத்ததாகிவிடும். ஒருவர் வந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்ல ‘மே குஸ்தரீயா கே பினியேராஸ்’. முன்பு பார்த்த இரண்டு வடிவங்களும் இங்கே மறுபடி ஜோடி சேர்கின்றன.

எல்லா இடத்திலும் ‘பொத்ரீயா’ போடவும் வேண்டாம். ஸ்பெயினில் காபி பாரில் ‘மே போனெஸ் உன் கஃபே, போர் ஃபவோர்?’ என்று நிகழ்காலத்தில் கேட்பதே இயல்பு. கொலம்பியாவில் ‘மே ரெகாலா உன் தின்தோ?’ என்பார்கள். நேர்ப்பொருளில் பால் இல்லாத காபியைப் பரிசாகக் கேட்பதுபோல் இருக்கும். காசு கொடுத்துத்தான் குடிக்க வேண்டும்.